உப்புக் காற்றும் உறைபனியும்: சென்னை ஏ.சி., டொராண்டோ ஃபர்னஸ் வாரண்டி – ஓர் ஒப்பாய்வு

சென்னையில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டொராண்டோவில் ஜனவரி இரவுகள் சில சமயம் மைனஸ் 20 வரை இறங்கும். அப்படிப்பட்ட நாளில் ஏ.சி. நின்றால் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயே உறைந்து வெடிக்கலாம். இரண்டையும் ஆடம்பரம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. நடுத்தரக் குடும்பங்கள் சேமிப்பை எடுத்தோ தவணை கட்டியோ வாங்கும் பொருள்கள் இவை. வாங்கும்போது அந்தக் குடும்பம் பெரிதாக நம்புவது கூடவே வரும் வாரண்டியை.

அந்த நம்பிக்கை பல வீடுகளில் பொய்த்துப் போகிறது. “வாரண்டி இருக்குன்னுதானே சொன்னீங்க, இப்ப எதுக்குக் காசு?” என்று சென்னை வேளச்சேரியில் கேட்பது போலவே டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் கேட்கிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் வட்டாரங்களில் ஈழத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் வீடு வாங்கிக் குடியிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அம்மா அப்பா சென்னையில், பிள்ளைகள் டொராண்டோவில் என்று இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு ஊர்ச் சிக்கலும் சொந்தச் சிக்கல். அதனால்தான் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: பெரும்பாலான வாரண்டிகள் இயந்திரம் பழுதான நாளில் கைநழுவுவதில்லை. அதைப் பொருத்திய நாளிலேயே போய்விடுகின்றன.

இயந்திரம் எங்கே அடி வாங்குகிறது?

சென்னை ஸ்பிலிட் ஏ.சி.யில் அடி வாங்கும் இடம் காயில். அவுட்டோர் யூனிட்டின் செப்புக் குழாயும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளும் வெயில், மழை, காற்று மூன்றையும் நேராக ஏற்கின்றன. பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், ஈ.சி.ஆர். பக்கம் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். தகடு வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் கம்ப்ரசர் திணறும்.

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளுக்கு வேறொரு எதிரி உண்டு. கூவம், பக்கிங்காம் கால்வாய் போன்ற தேங்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் மூக்கைப் பிடிப்பது இதைத்தான். செம்பின் மேல் பட்டால் அது கறுப்புப் படலமாகி, நாளடைவில் ஊசி முனை அளவு ஓட்டை போடும். கேஸ் கசியும். இன்டோர் காயிலும் இதற்குத் தப்புவதில்லை. புழங்காத குளியலறையின் தரைவடிகாலில் தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடை வாயு அதன் வழியாக வீட்டுக்குள் ஏறும். வாரம் ஒருமுறை அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது, செலவே இல்லாத காயில் பாதுகாப்பு.

டொராண்டோ ஃபர்னஸ் வெயிலையும் மழையையும் பார்ப்பதில்லை. அது பேஸ்மென்ட்டில் இருக்கிறது. அதன் இதயம் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ என்ற உலோகக் கூடு. உள்ளே எரிவாயு எரியும், வெளியே வீட்டுக் காற்று ஓடிச் சூடேறும். 2019 ஜூலைக்குப் பின் தயாரான வழக்கமான வீட்டு எரிவாயு ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதத் திறன் கொண்டிருக்க வேண்டும் என்பது கனடா மத்திய அரசின் விதி. அந்தத் திறன் எப்படிக் கிடைக்கிறது? எரிந்த புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதன் வெப்பத்தையும் இரண்டாவது கூட்டில் வாங்கிக்கொள்வதால் கிடைக்கிறது. வெளியேறும் புகை அவ்வளவு ஆறிவிடுவதால் பிளாஸ்டிக் குழாயே புகைபோக்கிக்குப் போதும்.

அந்தத் திறனோடு அதன் பலவீனங்களும் வருகின்றன. உள்ளே சேரும் தண்ணீர் அமிலத்தன்மை உடையது, தடையின்றி வடிய வேண்டும். வடிகுழாய் குளிர்ந்த சுவரோரமாகப் போனால் உறையும், தண்ணீர் திரும்பி ஃபர்னஸுக்குள்ளேயே நிற்கும். பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயைப் பனிக்குவியல் மூடினால் பிரஷர் சுவிட்ச் அதை உணர்ந்து ஃபர்னஸை நிறுத்திவிடும். ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து கூடு அளவுக்கு மீறிச் சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் அணைக்கும், ஆறியதும் மறுபடி எரியும். இப்படி விரிந்தும் சுருங்கியும் வரும் உலோகம் ஒரு குளிர்காலத்தில் கீறல் விடும். கீறல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கலக்கும் அபாயம் உண்டு. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் சட்டப்படி கட்டாயமாக இருப்பதும், ஆபத்தான ஃபர்னஸைக் கண்டால் டெக்னீசியன் சிவப்பு அட்டை மாட்டி எரிவாயுவை நிறுத்திவிட்டுப் போவதும் இதனால்தான்.

இரு ஊருக்கும் ஒரே பகை

வெயிலும் பனியும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் இரண்டு இயந்திரங்களையும் அரிப்பதில் முதன்மையானது ஒரே பொருள்: குளோரைடு. சென்னையில் அது கடலுப்பாக வருகிறது. டொராண்டோவில் அது பேஸ்மென்ட்டின் இன்னொரு மூலையிலிருந்து வருகிறது. பல வீடுகளில் ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே துணி துவைக்கும் இயந்திரம், அதன் மேல் தட்டில் பிளீச் பாட்டில். ஃபர்னஸ் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் மூலம் எடுக்காமல் அறையிலிருந்தே எடுத்தால், பிளீச்சிலும் சில பெயின்ட் நீக்கிகளிலும் உள்ள குளோரின் சேர்மங்கள் தீயில் பட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தின்னும். தயாரிப்பாளர்களின் கையேடுகளே இந்தப் பொருள்களைப் பட்டியல் போட்டு எச்சரிக்கின்றன.

வாரண்டித் தாளும் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசுகிறது. “அரிக்கும் சூழலால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை” என்ற பொருளில் ஒரு வரி இரு நாட்டுத் தாள்களிலும் பரவலாக உண்டு. அதாவது, அந்த ஊரின் காற்று எந்தச் சேதத்தைக் கட்டாயம் செய்யுமோ அந்தச் சேதமே விலக்கில் வருகிறது. வாரண்டி என்பது தொழிற்சாலைக் குறைக்குத் தரப்படும் வாக்கு, ஊரின் காற்றுக்கும் வானிலைக்கும் காப்பீடு அல்ல. இதை வாங்கும் நாளிலேயே புரிந்துகொண்டவர் பிறகு ஏமாறுவது குறைவு. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தபோது தரைமட்டத்தில் வைத்திருந்த அவுட்டோர் யூனிட்டுகள் பல வீடுகளில் தண்ணீரில் கிடந்தன. வெள்ளச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது. அதற்கு வீட்டுக் காப்பீடுதான் வழி.

பெட்டி மேல் ஒன்று, தாளில் ஒன்று

சென்னைக் கடையில் ஏ.சி. பெட்டியின் மேல் ‘10 ஆண்டு’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். தாளைப் பிரித்தால் அது கம்ப்ரசருக்கு மட்டும். பொதுவான ஏற்பாடு முழு இயந்திரத்துக்கு ஓராண்டு, கம்ப்ரசருக்குப் பத்தாண்டு. பி.சி.பி. எனும் மின்பலகைக்குச் சில நிறுவனங்கள் ஐந்தாண்டு தருகின்றன. மூன்றாம் ஆண்டில் கம்ப்ரசர் போனால் கம்ப்ரசர் இலவசம். கழற்றி மாட்டும் கூலி, கேஸ், போக்குவரத்து ஆகியவை பல தாள்களின்படி நம் தலையில். காயிலில் ஓட்டை விழுந்தால் முதலாண்டுக்குப் பிறகு முழுச் செலவும் நம்முடையது. கடலோரத்தில் முதலில் போகக்கூடியது காயில்தான் என்பதால், அங்கே குடியிருப்பவர் பத்தாண்டு என்ற எழுத்தைப் பார்த்து வாங்குவதைவிடக் காயிலுக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்குவது அறிவு.

டொராண்டோவில் எண்கள் பெரியவை. ஃபர்னஸின் உதிரிபாகங்களுக்குப் பத்தாண்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு இருபதாண்டு அல்லது ஆயுள் முழுவதும் என்று பல நிறுவனங்கள் தருகின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள், சில நிறுவனங்களில் 90 நாளுக்குள், மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் பத்தாண்டு பெரும்பாலும் ஐந்தாகச் சுருங்கிவிடும். “கம்பெனிக்காரனே பதிஞ்சிருப்பான்” என்று வீட்டுக்காரர் இருப்பார், “வீட்டுக்காரரே பதிவார்” என்று கம்பெனிக்காரர் போய்விடுவார். ஆறாம் ஆண்டில் மோட்டார் போகும்போதுதான் யாருமே பதியவில்லை என்று தெரியும். கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் பதிவு செய்யாவிட்டாலும் முழுக்காலமும் செல்லும் என்று நிறுவனங்களே தம் தாள்களில் எழுதுகின்றன. ஒன்டாரியோவில் இருப்பவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு பொறி, வீடு கைமாறும்போது. பதிவு செய்த வாரண்டி பல நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கே முழுமையானது. பழைய வீடு வாங்குபவர் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிப் பெயர் மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது குறைந்த காலமே மிஞ்சும். வீடு பார்க்கப் போகும்போது ஹாலையும் சமையலறையையும் பார்ப்பது போல, பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஃபர்னஸ் வயதையும் அதன் தாள்களையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பொருத்தும் நாள்

இரு ஊர்களும் கடுமையாக வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

சென்னையில் ஏப்ரல் மாத மதியம். மொட்டைமாடிச் சுவரில் அவுட்டோர் யூனிட் ஏறிவிட்டது. செப்புக் குழாய் இழுத்து ஃபிளேர் நட் முறுக்கியாயிற்று. அடுத்து செய்ய வேண்டியது, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சுவது. அதற்கு நேரம் பிடிக்கும். அன்றைக்கு மெக்கானிக்குக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. “வேக்கம் எல்லாம் வேணாம் சார், லேசா கேஸ் விட்டா ஏர் வெளிய போயிடும்” என்கிறார். “சரிப்பா, சீக்கிரம் முடி, வெயில் தாங்கல” என்கிறார் வீட்டுக்காரர். அந்த இரண்டு வாக்கியங்களில் பத்தாண்டு வாரண்டியின் பாதி போய்விட்டது.

காரணம் இது. ஆர்-32 கேஸோடு ஓடும் கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. குழாயில் ஈரம் தங்கினால் சூட்டில் அது எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகும். அமிலம் மோட்டார் சுருளின் காப்பை மெல்லத் தின்னும். ஏ.சி. அன்று ஜில்லென்றுதான் இருக்கும், அடுத்த ஆண்டும் ஓடும். அதற்கடுத்த கோடையில் கம்ப்ரசர் எரியும். வந்து பார்ப்பவர் ‘பொருத்தியதில் குறை’ என்று எழுதிவிட்டுப் போவார். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ். அதைக் காற்றில் திறந்துவிட்டுக் குழாயைச் சுத்தம் செய்வது தவறு.

தமிழ்நாட்டில் ஏ.சி. பொருத்துபவருக்குச் சட்டப்படி கட்டாய உரிமம் எதுவும் இல்லை. வேலையைக் கச்சிதமாகக் கற்ற மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களையும் நேற்று ஸ்பேனர் பிடித்தவரையும் பிரித்துக் காட்ட வாடிக்கையாளர் கையில் எந்த அடையாளமும் இல்லை.

ஒன்டாரியோவில் ஃபர்னஸைத் தொட உரிமம் வேண்டும். எரிவாயு வேலை செய்யும் நிறுவனம் டி.எஸ்.எஸ்.ஏ. எனும் மாகாணப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை செய்பவரிடம் ஜி1 அல்லது ஜி2 சான்று இருக்க வேண்டும். ஜி3 நிலையில் இருப்பவர் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். நேர்மையான டெக்னீசியன் ஃபர்னஸை மாட்டியதும் கிளம்பிவிட மாட்டார். எரிவாயு அழுத்தத்தை மானோமீட்டரில் அளப்பார். உள்ளே போகும் காற்றுக்கும் சூடாகி வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்ப்பார். அந்த வித்தியாசம் ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் அச்சிட்ட எல்லைக்குள் வர வேண்டும். வந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிற்பாடு கூடு கீறல் விட்டால், “தொடக்கத்தில் சரியாகவே ஓடியது” என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

உரிமம் இருப்பதாலேயே அங்கே ஏமாற்று இல்லை என்றாகாது. வீடு வீடாகக் கதவு தட்டி ஃபர்னஸ் விற்றும் வாடகைக்கு விட்டும் முதியவர்களையும் ஆங்கிலம் தடுமாறும் குடியேறிகளையும் சிக்கவைத்த கூட்டம் பெருகியதால்தான், அழைக்காமல் வந்து விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்தது. வாடகைப் பொருளைச் சாக்காக வைத்து வீட்டுப் பத்திரத்தின் மேல் உரிமை பதியும் பழக்கத்தை 2024இல் தனிச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த ஃபர்னஸ் உங்களுடையது அல்ல, அதன் வாரண்டியும் உங்களுடையது அல்ல. கையெழுத்துப் போடுமுன் சொந்தமா வாடகையா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு: சடங்கும் சாட்சியும்

பல தாள்கள் ஆண்டுப் பராமரிப்பை நிபந்தனையாகவோ அறிவுரையாகவோ சொல்கின்றன. செய்ததற்குச் சாட்சி இல்லாவிட்டால் செய்யாததற்குச் சமம். டொராண்டோவில் அதற்கான பருவம் செப்டம்பர், அக்டோபர். சென்னையில் பிப்ரவரி, மார்ச். முதல் பனியன்றும் கத்திரி தொடங்கிய பிறகும் கூப்பிட்டால் வருபவர் அவசரத்தில்தான் வேலை செய்வார்.

கடலோர ஏ.சி.க்கு ஆண்டுக்கு ஒருமுறை போதாது. அவுட்டோர் யூனிட்டை மின்சாரம் அணைத்து, நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சி அடிக்கடி கழுவி உப்பை இறக்க வேண்டும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் கூடாது. தகட்டின் நீலப் பூச்சு அரிப்பைத் தள்ளிப்போடும். அமிலம் கலந்த ‘கெமிக்கல் வாஷ்’ அந்தப் பூச்சையே உரித்துவிடும். கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து மறைவான பக்கத்தில் யூனிட்டை மாட்டுவது எல்லாப் பூச்சையும் விடப் பெரிய காப்பு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில், நிறுவனம் தாளில் சொன்ன வோல்டேஜ் எல்லைக்கு வெளியே போகும் வாய்ப்பிருந்தால் ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்ற விளம்பரம் அந்த எல்லைக்குள் மட்டுமே உண்மை.

டொராண்டோ வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியவை: ஒரு அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றுவது, பனி கொட்டியதும் வெளிக்குழாய் வாயைச் சுற்றித் துப்புரவு செய்வது, பிளீச்சை ஃபர்னஸ் அறையிலிருந்து அகற்றுவது. பேஸ்மென்ட் கட்டுமான வேலை நடக்கும்போது ஃபர்னஸை ஓடவிடாதீர்கள். டிரைவால் தூசி உள்ளே போனால் அதுவே வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்குக் காரணமாகிவிடும்.

வழக்கு என்று வந்தால்

சட்டத்தின் வாசலில் சென்னைக்காரருக்குக் கை ஓங்கியிருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தாலே பல நிறுவனங்கள் இறங்கி வருகின்றன. பொருளில் குறை இருக்கிறதா என்பதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து எண்ணாமல் பொருத்திய நாளிலிருந்து எண்ணுங்கள் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 டிசம்பரில் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

ஒன்டாரியோவில் நிறுவனம் மறுத்தால் கடைசி வழி ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். அங்கே கட்டணம் உண்டு. புது வீடு வாங்கியவருக்கு மட்டும் கூடுதல் அரண் ஒன்று இருக்கிறது: டாரியான் எனும் புதுவீட்டு வாரண்டி அமைப்பின் கீழ், வீட்டைச் சூடாக்கும் குழாய்ப் பாதைகளின் குறைகளுக்குக் கட்டுநர் இரண்டாண்டு பொறுப்பு.

முடிவு

இரண்டையும் எடை போட்டால் தீர்ப்பு இதுதான். பொருத்தும் நாளைக் காப்பதில் டொராண்டோ மேல். மறுத்தபின் நியாயம் கேட்கும் வழியில் சென்னை மேல். ஆனால் கெட்டபின் வழக்காடுவதைவிடக் கெடாமல் காப்பது எவருக்கும் நல்லது. ஆகவே நாம் கற்க வேண்டியது அதிகம். ஏ.சி. பொருத்துபவருக்கு அரசு அங்கீகரித்த தேர்வும் உரிமமும் தமிழ்நாட்டில் கட்டாயமாக வேண்டும். வேக்கம் எடுத்த நேரம், கேஸ் அழுத்தம், பொருத்தியவர் பெயர், கையெழுத்து கொண்ட ஒரு பக்கத் தாள் ஒவ்வொரு ஏ.சி.யோடும் வர வேண்டும். ஒன்டாரியோ அரசும் கியூபெக் வழியில், பதியாத காரணத்துக்காக வாரண்டியைப் பாதியாக்குவதை நிறுத்த வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் இருந்தாலும் இயந்திரம் பொருத்தும் நாளில் வீட்டில் இருங்கள். சீரியல் எண்ணையும் வேக்கம் மீட்டர் முள்ளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். பில்லில் பொருத்தியவர் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். அந்த வாரத்துக்குள் பதிவை முடித்து, ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். பழுது வந்தபின் உங்கள் பக்கம் நின்று பேசப்போவது அந்தக் கோப்பு மட்டுமே.